மிளகாயின் மாத்திரைகள்

டாக்டர்களின் கிறுக்கலைப் படிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. இருபத்தாறு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பாதி டாக்டர் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். மீதிப் பாதியை நானே சேர்த்துக்கொண்டேன்.

அக்காவுக்கு ஒரே மகள், பதினெட்டு வயது. கோபம் வந்தால் கண்மண் தெரியாது என்பதால் மிளகாய் என்று கூப்பிடுவோம். காதுக்குள் யாரோ திட்டுகிறார்கள் என்பாள். ஒருநாள் வகுப்பில் டீச்சரின் கன்னத்தைக் காம்பஸால் கிழித்துவிட்டாள். பதினான்கு தையல். வழக்கு நடக்கும்போதே மனநல டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். இரண்டே மாதத்தில் பெண் சாதுவாகிவிட்டாள்.

சிக்கலே அதுதான். "கோர்ட் அனுப்புற டாக்டர் வர்றப்போ இப்படிச் சமத்தா உக்காந்திருந்தா ஜெயில்தான் சார். நோய் முத்தியிருக்குன்னு எழுதினா ஆஸ்பத்திரி" என்றார் வக்கீல்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஜெயிலுக்கு மட்டும் போகக்கூடாதுடா தம்பி."

நான் கணக்குப் போட்டேன். மாத்திரையை நிறுத்தினால் ஒன்பது நாளில் பழைய மிளகாய் வந்துவிடுவாள். டாக்டர் வருவது பத்தாம் நாள். அதே அளவில், அதே வெளிர் மஞ்சளில் ஒரு சத்து மாத்திரை என் கடையிலேயே இருந்தது. மாத்திரை டப்பாவை வாராவாரம் நிரப்புவதும் நான்தான். அக்காவிடம் மூச்சு விடவில்லை. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

அக்கா வேளை தவறாமல் அதை மகளுக்குக் கொடுத்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்து, நோட்டில் டிக் போட்டாள்.

எட்டாம் நாள் மிளகாய் சுவரோடு சண்டை போட்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்று மாலையே கோர்ட்டிலிருந்து போன். டாக்டர் லீவாம், ஒரு வாரம் தள்ளித்தான் வருவாராம்.

நிஜ மாத்திரைகள் என் சட்டைப்பையில் இருந்தன. திரும்பக் கொடுத்திருக்கலாம். பட்ட பாடெல்லாம் வீணாகிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

"மாத்திரை கேக்கல போலிருக்குடா. அவ பக்கத்துல போகவே பயமா இருக்கு. டாக்டரப் பாப்போமா?" என்றாள் அக்கா.

"அவசரப்படாதக்கா. மருந்துன்னா முன்னப்பின்னதான் இருக்கும்."

நம்பினாள். தம்பி பாதி டாக்டர் ஆயிற்றே.

கோர்ட் டாக்டர் வருவதற்கு முந்தின நாள் காலை, அக்கா மாத்திரையும் தண்ணீருமாக மகள் முன்னால் போய் நின்றாள். மகள் கைக்கு இஸ்திரிப்பெட்டி எட்டியது.

மறுநாள் அக்கா மார்ச்சுவரியில் இருந்தாள். டாக்டர் மிளகாயைப் பார்த்துவிட்டு, நான் ஆசைப்பட்டதை வரிக்கு வரி எழுதிக்கொடுத்தார்.

அக்காவின் நோட்டில் ஒரு டிக்கூட விடுபடவில்லை. அதனால் பழைய அளவு போதவில்லை என்று முடிவுகட்டி, ஆஸ்பத்திரியில் இப்போது இரண்டு மடங்கு கொடுக்கிறார்கள். மிளகாய்க்குக் கை நடுங்குகிறது, வாயோரம் எச்சில் வழிகிறது. அளவு அதிகம் என்று எனக்குத் தெரியும். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். "நான் ஒரு வேளைகூட விடாமப் போட்டேனே மாமா. அப்புறம் ஏன் மாமா அம்மாவ அப்படிப் பண்ணினேன்?" என்று குழறினாள்.

"இனிமே இன்னும் ஒழுங்காப் போடணும்மா" என்றேன். தலையாட்டினாள்.

அக்காவைக் கொன்றது நான்தான். இருந்தாலும் கேட்டைத் தாண்டி வெளியே வரும்போது, பிள்ளையை ஜெயிலுக்குப் போகவிடவில்லையே என்று மனசுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.