வால்வு ஆம்ப் எப்படி இருக்கு

இல்ல சார், கட்டில்லயே உக்காருங்க. அந்தச் சேரு ஒரு காலு ஆடும். ஆம்ப்ல அந்த உம்முனு வர்ற ஹம் சத்தம் இப்ப கம்மியாத்தான் இருக்கு, நேத்து நான் போன் பண்ணப்ப ஜாஸ்தியா இருந்துச்சு. அதுக்காக சத்துவாச்சாரில இருந்து ஆம்பூர் வரைக்கும் வெயில்ல பைக் ஓட்டிக்கினு வந்துட்டீங்களே, அதான் எனக்கு சங்கடமா இருக்கு. ஸ்விட்ச் போட்டு வெச்சிருக்கேன், வால்வு சூடாவட்டும். அதுக்குள்ள டீயைக் குடிங்க.

உங்களுக்கும் ஆசை இருக்கும்ல. உங்க கையால செஞ்சது, வாசிக்கிறவன் இன்னா சொல்றான்னு கேக்கணும்னு. மறைக்காம சொல்றேன். பதினாறு வருஷமா கிட்டார் வாசிக்கிறேன், வால்வு ஆம்ப்ல வாசிக்கிறது இதான் மொத தடவை. எங்க மெல்லிசைக் குழுவுல கிட்டார் சத்தத்தைப் பெருசாக்க இத்தினி நாளா ஒரு பழைய கறுப்புப் பெட்டி, அதுல எதை வாசிச்சாலும் தகர டப்பாவைக் குலுக்கின மாதிரி இருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி பள்ளிகொண்டாவுல ஒரு ரிசப்ஷன். எங்களுக்கு அப்புறம் வாசிச்ச பெங்களூர் பசங்க வால்வு ஆம்ப் கொண்டாந்திருந்தாங்க. நான் சாப்பிடக்கூட போகாம அது பின்னாடியே நின்னுக்கினு இருந்தேன். அதை எங்க குழுவுல கூட வாசிக்கிற என் கூட்டாளி இளம்பரிதி பாத்து மனசுல வெச்சிருக்கான். வெச்சிருந்து உங்ககிட்ட வந்து எனக்காக ஆர்டர் குடுத்திருக்கான். என்கிட்ட மூச்சு விடல.

இதோ, மொத சேனல். கேளுங்க.

எப்படிப் பேசுது பாருங்க. மெதுவாத் தொட்டா மெதுவா, அழுத்தினா அழுத்தமா. நகம் பட்டா அதுகூட கேக்குது. நான் தப்பா ஒரு கம்பியைத் தொட்டா அதையும் சொல்லிடுது, அதுதான் மொத நாளு கொஞ்சம் பயமா இருந்துச்சு. பழைய பெட்டி நம்ம தப்பையெல்லாம் மூடி மறைச்சிடும். இது மறைக்காது. காலால இதை மிதிச்சா ரெண்டாவது சேனல். லேசா கரகரன்னு, தொண்டை கட்டினவன் உருகிப் பாடற மாதிரி. இதுல கிட்டார்ல இருக்கிற வால்யூமைக் கொஞ்சம் எறக்கினா தானா தெளிஞ்சிடுது. இதுலயே ஒரு கச்சேரி முழுக்க ஓட்டிடலாம் சார்.

குறை சொல்லணும்னா மூணாவதுதான். மொத சேனல்ல இருந்து ஒரே மிதில மூணாவதுக்குப் போனா சத்தம் எகிறிடுது. பக்கத்து வூட்டு அமிர்தவள்ளி அக்கா சுவத்தைத் தட்டுறாங்க. மூணுக்கும் தனித்தனியா வால்யூம் வெச்சிருக்கீங்க, சரி, ஆனா மூணாவதுல அந்தக் குமிழ் ஒரு நூலு திரும்பினாலே பேயா கத்துது. அதை மட்டும் அடுத்த பெட்டில பாத்துக்கோங்க. அப்புறம் வெயிட்டு. டிரான்ஸ்பார்மரு அப்படி, நீங்க இன்னா பண்ணுவீங்க. ஆட்டோல ஏத்த ரெண்டு ஆளு வேணும்.

டூட்டிக்குப் போகலியான்னா கேக்குறீங்க? லீவு இல்ல சார், சஸ்பென்ஷன். ஏழு வாரம் ஆச்சு.

இளம்பரிதியும் நானும் ஒரே கம்பெனி. அவன் ஷூ பேக்டரில கட்டிங், நான் லெதர் ஸ்டோரு. பதப்படுத்தி கலர் போட்ட தோலு என்கிட்ட வரும், நான் எண்ணி கட்டிங்குக்குக் குடுப்பேன். ஸ்டோர்ல இருந்து ரெண்டு சைடு தோலு காணாம போச்சு. சைடுன்னா ஒரு முழு மாட்டுத் தோலுல பாதி. தேன் கலரு, வெளிநாட்டு ஆர்டருக்குன்னே போட்டது. சாவி என்கிட்ட, அப்ப எடுத்தவன் நான்தான். அவங்க கணக்கு அவ்ளோதான். திங்கக்கிழமை என்கொயரி. திருடன்னு எழுதிட்டாங்கன்னா இங்க இருந்து ராணிப்பேட்டை வரைக்கும் ஒரு டேனரியும் என்னை கேட்டுக்குள்ள விடாது. எனக்கு வேற வேலை தெரியாது சார்.

என் வூட்டுக்காரி சங்கீதா அங்கதான் அப்பர் தைக்கிறா, ஷூவோட மேல்பாகம். கம்பெனி பஸ்ல அவ பக்கத்து சீட்டு காலியாவே வருதாம். பொம்பளைங்க நின்னுக்கினு வர்றாங்களாம், அவ பக்கத்துல உக்கார மாட்டாங்களாம். இதை அவ என்கிட்ட சொல்லல, கூடத் தைக்கிற மஹ்பூபி அக்கா சொன்னாங்க. 

சாவியா? நல்லாக் கேட்டீங்க. மத்தியானம் சாப்பிடப் போறப்ப சாவியை நான் இளம்பரிதிகிட்ட குடுத்துட்டுப் போவேன். கட்டிங்குக்கு அவசரமா தோலு வேணும்னா அவனே எடுத்துப்பான், நான் வந்து எழுதிப்பேன். ரூல்படி தப்புதான். ஆனா வேலை நிக்கக் கூடாதுல்ல, எல்லா ஸ்டோர்லயும் நடக்குறதுதான். மேனேஜரு கேட்டப்ப, சாவியை யாருக்கும் குடுக்கலன்னு எழுதிக் குடுத்துட்டேன். என்னோட போகட்டும், அவனையும் எதுக்கு இழுத்து விடணும்னு. அவனுக்குப் போன வருஷம்தான் கொழந்தை பொறந்துச்சு, தமிழினின்னு நான்தான் பேரு வெச்சேன்.

பத்து நாளு முன்னாடி இந்த ஆம்பை ஆட்டோல கொண்டாந்து எறக்கினான். நீ ஒண்ணும் யோசிக்காத, வாசி, மனசு லேசாவும்னான். நான் அழுதுட்டேன் சார். வெக்கமில்லாம அழுதேன். கூடப் பொறந்தவன்கூட இந்த ஏழு வாரத்துல ஒரு தடவை எட்டிப் பாக்கல, இவன் தினம் வந்தான். 

சரி, ஒண்ணு கேக்கணும். மேல சுத்திப் போட்டிருக்கிற இந்தக் கறுப்புத் தோலு. ரெக்சின் இல்ல, அசல் தோலு. மூலையில ஒரு சுருக்கம் இல்ல, நல்ல வேலை. இதை நீங்க வாங்கிப் போட்டீங்களா? நல்லா யோசிச்சு சொல்லுங்க சார். உங்க கார்பென்டரு வாங்கியிருக்கலாம். பெரியமேட்டு தோலு மார்க்கெட்டுல வாங்கியிருக்கலாம், அங்க கிடைக்கும்.

இல்லியா.

வெறும் பிளைவுட் பெட்டியாத்தான் குடுத்தீங்க. அவனே கேட்டு வாங்கிக்கினு போனான். நான் தோலு ஊர்க்காரன், நானே போட்டுக் கொண்டாறேன்னு சொன்னானா. அவன் சொல்லுவான். அப்புறம் கொண்டாந்து குடுத்து, நீங்க உள்ள வால்வு எல்லாம் பூட்டினீங்க. அந்தத் தேதியெல்லாம் ஞாபகம் இருக்கா? போன்ல இருக்குமா, பாருங்க, ஒண்ணும் அவசரம் இல்ல.

பெட்டி எடுத்துக்கினு போனது ஆகஸ்ட் ஒம்போது. தோலு போட்டு உங்களுக்கு போட்டோ அனுப்பினது பதினேழு. ம். எங்க ஸ்டோர்ல ரெண்டு சைடு கொறையுதுன்னு நான் கண்டுபிடிச்சது பதினாலு. நானே போய் மேனேஜர்கிட்ட சொன்னேன் சார், கொறையுதுன்னு. யாரும் என்னைப் புடிக்கல.

நேத்து உங்களுக்கு போன் பண்ணது ஹம்முக்காக இல்ல. மன்னிச்சுக்கோங்க. ஹம் இருந்துச்சு, பொய் சொல்லல, ஆனா அதுக்காகக் கூப்பிடல. அந்தத் தோலை நான்தான் வாங்கிப் போட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட மாட்டீங்களான்னு காலைல இருந்து சாமியைக் கும்பிட்டுக்கினு இருக்கேன்.

நேத்து மத்தியானம் ஹம் எங்கிருந்து வருதுன்னு பாக்கலாம்னு பின்பக்கப் பலகையைக் கழட்டினேன். பயப்படாதீங்க, பிளக்கைப் புடுங்கி ரொம்ப நேரம் விட்டுட்டுத்தான் தொறந்தேன், உள்ள எதுலயும் கை வைக்கல. இருங்க, ஆப் பண்ணிட்டுக் காட்டுறேன். பலகையை இன்னும் மாட்டல, சும்மா சாத்தி வெச்சிருக்கேன். இந்த டார்ச்சைப் புடிங்க. தோலை உள்பக்கமா மடிச்சு ஒட்டியிருக்கான் பாருங்க. அரை இன்ச் மடிச்சாப் போதும், மிச்சத்தை வெட்டிப் போட்டுடலாம். இவன் ரெண்டு இன்ச்சுக்கு மேல மடிச்சிருக்கான். கட்டிங்ல இருக்கிறவன் கை அப்படித்தான் சார், தோலை வேஸ்ட் பண்ண வராது. ஒரு துண்டு ஜாஸ்தியாக் கழிஞ்சா சூப்பர்வைசரு கத்துவாரு, வருஷக்கணக்காக் கேட்டுக் கேட்டு கை பழகிடுச்சு. கறுப்பு சாயத்தை ஒட்டினதுக்கு அப்புறம் மேல அடிச்சிருக்கான். மடிப்புக்குள்ள சாயம் போகல. இன்னா கலரு தெரியுது? தேன் கலரு.

இந்த ஓரத்துல ஓட்டை ஓட்டையா இருக்கு பாருங்க. அது ஆணி அடிச்சது இல்ல. ஈரத்தோலா இருக்கும்போதே டேனரில லாட் நம்பரு குத்துவாங்க. சுண்ணாம்புல போட்டாலும் சாயத்துல போட்டாலும் போகாது. நாலு ஓட்டை, கொஞ்சம் இடம் விட்டு ஒண்ணு, அப்புறம் ரெண்டு. நானூத்திப் பன்னெண்டு. எனக்கு வந்த சார்ஜ் மெமோல அதே நம்பருதான் டைப் அடிச்சிருக்கு. அவனுக்கும் நம்பரு தெரியும், தெரியாம இல்ல. ஆனா கட்டிங்காரன் கண்ணு தோலுல நல்ல இடத்தைத்தான் தேடும், ஓரத்தைப் பாக்காது.

கேட்டை எப்படித் தாண்டினான்னு ராத்திரி பூரா யோசிச்சேன். கிட்டார் பைலதான் சுருட்டி வெச்சிருப்பான். வருஷா வருஷம் கம்பெனி ஆயுதபூஜைக்கு நாங்கதான் வாசிப்போம், பிராக்டிஸுக்குன்னு பையோட போவோம் வருவோம். செக்யூரிட்டி தொறந்து பாக்க மாட்டாரு.

எனக்காகத்தான் எடுத்திருக்கான் சார். இந்தப் பெட்டி எனக்கு அழகா இருக்கணும்னு. அதுதான் பேஜாரா இருக்கு. விக்கிறதுக்கு எடுத்திருந்தா நான் நல்லா நாலு அறை விட்டுட்டுப் போயிடுவேன். எடுத்ததைக்கூட மன்னிச்சிடுவேன். ஆனா ஏழு வாரம். தினம் வந்து இதே கட்டில்ல உக்காந்து, சங்கீதா போட்ட சோத்தைத் தின்னுட்டு, யாரு எடுத்திருப்பாங்கன்னு என்கூடவே சேர்ந்து யோசிச்சான். ஒரு நாளு வாட்ச்மேன் மேல சந்தேகமா இருக்குன்னான். அதைத்தான் என்னால தாங்க முடியல.

கெளம்பாதீங்க சார், கொஞ்சம் இருங்க. அஞ்சு மணிக்கு ஷிப்ட் விட்டதும் நேரா இங்கதான் வருவான். நீங்க சண்டையெல்லாம் போட வேணாம். பெட்டியை வெறும் பலகையாத்தான் குடுத்தேன்னு அவன் முன்னாடி ஒரு தடவை சொல்லுங்க, போதும்.

எதுக்கு வர்றானா? லெட்டரு வாங்கிக்கினு போக. என்கொயரில நம்ம பக்கம் பேச கூட வேலை செய்றவன் ஒருத்தனை வெச்சுக்கலாம், நான் அவன் பேரைத்தான் குடுத்திருக்கேன். ஒத்துக்கினு மன்னிப்புக் கேட்டா வேலையை விட்டு அனுப்ப மாட்டாங்க, சும்மா இழுத்துக்கினே போனா உனக்குத்தான் கஷ்டம்னான். லெட்டரையும் அவனே உக்காந்து எழுதிட்டான். தலைகாணிக்கு அடில இருக்கு, எடுத்துப் படிங்க. ரெண்டு சைடு தோலையும் நான்தான் எடுத்தேன்னு இருக்கும். கீழ இருக்கிற கையெழுத்து என்னுதுதான் சார். நேத்து காலைலயே போட்டுட்டேன், அவன் சொன்னா சரியா இருக்கும்னு.