ஜோக்கர் மொத்தம் நாலு

சீட்டைக் கலைக்கும்போது விசிறி மாதிரிப் பறக்கவிட்டு வித்தை காட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை, டாக்டர். மேசையில் பரப்பி, இரண்டு கையாலும் மாவு பிசைகிற மாதிரிப் பிசைந்து அடுக்கினால் போதும். நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் சுற்றிக் காட்டியவர்கள் எத்தனை பேர் காம்பவுண்டுச் சுவரை முத்தமிட்டார்கள் என்று பக்கத்து இருக்கையிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

அந்த நாற்காலியிலேயே தாராளமாக உட்காருங்கள். குஷன் புதிதாகப் போட்டாகிவிட்டது. என் சகலை அதில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தான் என்று எதிர்வீட்டுக்காரர் உங்களிடம் ஓதியிருப்பார். அந்த ஆளுக்கு எதையும் முழுதாகத் தெரிந்துகொள்கிற வழக்கம் கிடையாது. உயிர் போனது ஆஸ்பத்திரி வாசலில். இங்கே ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

அக்காவும் தங்கையும் புதுச் சீட்டுக்கட்டு வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார்கள். அக்கா என் மனைவி. தங்கை என் கொழுந்தியாள், சகலையின் மனைவி. பழைய கட்டைத் தொடவே மாட்டேன் என்று கொழுந்தியாள் சொல்லிவிட்டாள். நல்ல கட்டு, ஓரம்கூடக் கசங்கவில்லை. சரி, போகட்டும். அவர்கள் வருவதற்குள் ஆட்டத்தைச் சொல்லித் தந்துவிடுகிறேன்.

ரம்மி தெரியும் என்றீர்கள். அதில் பாதியை மறந்துவிடுங்கள். இது ஜோடி ஆட்டம். அக்கா தங்கை ஒரு ஜோடி, இனிமேல் நீங்களும் நானும் ஒரு ஜோடி. ஜோடிகள் பக்கத்தில் உட்காரக் கூடாது, எதிரெதிரே உட்கார வேண்டும். இரண்டு கட்டுச் சீட்டை ஒன்றாகக் கலக்க வேண்டும். ஜோக்கர் மொத்தம் நாலு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் ஆட ஆட வந்துவிடும்.

இதில் மூன்று நாலு ஐந்து என்று வரிசை சேர்க்கிற வேலை கிடையாது. ஒரே எண் சீட்டாகச் சேர்க்க வேண்டும். மூன்று ராணி கிடைத்தால் மேசையில் இறக்கலாம். அதன்மேல் உங்கள் ஜோடியும் ராணியைச் சேர்க்கலாம், ஏனென்றால் இறக்கியது இரண்டு பேருக்கும் பொது. ஏழு சேர்ந்தால் அதற்கு ஏழடுக்கு என்று பேர். ராணி போதவில்லையா, ஜோக்கரை வைத்து நிரப்பிக்கொள்ளலாம். ஏழடுக்கு ஒன்றாவது இருந்தால்தான் ஆட்டத்தை முடிக்க முடியும். உங்கள் முறை வரும்போது கட்டிலிருந்து ஒன்று எடுக்க வேண்டும், இறக்குவதை இறக்க வேண்டும், ஒன்றைக் கழிக்க வேண்டும். கை காலியானால் ஆட்டம் முடிந்தது. மேசையில் இறக்கியதற்குப் புள்ளி, முடித்த ஜோடிக்குக் கூடுதல் புள்ளி, யார் கையில் என்ன மிச்சம் இருக்கிறதோ அது அந்த ஜோடிக்கு நஷ்டம்.

முடிப்பதற்கு முன்னால் ஒரு மரியாதை உண்டு. ஜோடியைப் பார்த்து "முடிக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். அவர் கையில் என்ன இருக்கிறதோ யாருக்குத் தெரியும்? அவர் வேண்டாம் என்றால் முடிக்கக் கூடாது. சரி என்றால் முடித்தே ஆக வேண்டும். கல்யாணத்தில்கூட இவ்வளவு கேட்டுக்கொள்வதில்லை.

அந்த ஒரு கேள்வியைத் தவிர மேசையில் பேச்சு கிடையாது, பதில்கூடத் தலையசைப்புதான். இன்னொரு சட்டம், யாராவது எழுந்தால் அந்த ஆட்டம் ரத்து. அதைக் கொண்டுவந்தவள் கொழுந்தியாள். சகலை தோற்கப் போகிறான் என்று தெரிந்தால் கக்கூசுக்கு ஓடிவிடுவான். திரும்பி வந்து, "எங்க விட்டோம்?" என்று அப்பாவியாகக் கேட்பான்.

சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெத்தைக் கடையில் விற்பனையாளன். சாம்பிள் மெத்தையில் படுத்துத் தூங்கிக் காட்டியே விற்பான். வாடிக்கையாளர் போன பிறகும் எழுந்திருக்க மாட்டான். எதைச் சொன்னாலும் நடிப்பு. தும்மினால் செத்துப் பிழைத்த மாதிரி ஒரு முகம், கால் இடறினால் ஒரு வாரம் நொண்டல். இத்தனையும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் தோற்பதில் அந்த ஆளுக்கு வெட்கமே இருந்ததில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இங்கே தோற்ற ஜோடி பாத்திரம் கழுவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம், டீ டம்ளர், ஜெயித்தவர்கள் வேண்டுமென்றே அழுக்காக்கி வைக்கிற தட்டு, எல்லாம். அக்காவும் தங்கையும் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. சின்ன வயதிலிருந்து ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவர்கள், ஒருத்தி மூச்சு விட்டால் மற்றவளுக்கு அர்த்தம் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் நானும் சகலையும் தொட்டியடியில் நிற்போம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்ப்பேன். அவன் பாட்டுப் பாடிக்கொண்டு அலசுவான். "விடு சகலை, சீட்டுதானே. பாரு, டம்ளர் எப்படிப் பளபளங்குது!" என்பான். மனிதனா அவன்?

அதனால் நான்தான் அடையாளங்களை ஏற்படுத்தினேன். ஏமாற்று வேலை என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். ரோட்டில் இண்டிகேட்டர் போடுவது ஏமாற்றா? காதைத் தடவினால் 'எனக்குச் சீட்டு மோசம்'. மூக்கைச் சொறிந்தால் 'இன்னும் முடிக்காதே'. நெஞ்சில் கை வைத்தால் 'என்னிடம் ஜோக்கர் இருக்கிறது, தைரியமாக ஆடு'. சகலை ஒரே நாளில் கற்றுக்கொண்டான். நடிப்புதானே, அதில் கெட்டிக்காரன். முதல் நாளே நெஞ்சில் கை வைத்து, கண்ணை மூடி, உதட்டைக் கடித்து அப்படி ஒரு உருக்கம் காட்டினான். "போதும்டா, ஜோக்கர்தானே, காதலா?" என்று அடுக்களையில் வைத்துத் திட்டினேன்.

இனி அந்த ஞாயிறு.

என் மனைவி எனக்கு இடது பக்கம், அடுத்து எதிரே சகலை, அடுத்து கொழுந்தியாள், பிறகு நான். முறை அப்படித்தான் சுற்றி வரும். பெண்கள் ஏற்கெனவே ராணியில் ஏழடுக்கு முடித்து ஜம்மென்று வைத்திருந்தார்கள். ஐந்து ராணி, பக்கத்தில் இரண்டு ஜோக்கர் பல்லைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தன. என் மனைவி கையில் ஒரே ஒரு சீட்டு. அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த முறை அவளுக்கு வந்தால் முடித்துவிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். எங்கள் பக்கம் நாலே நாலு எட்டு இறங்கியிருந்தது.

சகலையின் முறை. கட்டிலிருந்து எடுத்தான். பார்த்தான். எங்கள் வரிசையில் ஐந்தாவது எட்டை வைத்தான். சீட்டு ஈரமாக இருந்தது. கழிக்க வேண்டிய சீட்டு அவன் விரலிலிருந்து தானாக நழுவி விழுந்தது. பிறகு நெஞ்சில் கை வைத்தான்.

முறை கொழுந்தியாளுக்குப் போனது. அவள் யோசிக்கிற அழகை நீங்கள் பார்க்கத்தானே போகிறீர்கள். என் ஸ்கூலில் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொள்கிற கிழவர்கள்கூட அவளைவிட வேகம். சீட்டை இடமிருந்து வலம் பார்த்தாள், வலமிருந்து இடம் பார்த்தாள். சகலை இப்போது இரண்டு கையையும் நெஞ்சில் வைத்திருந்தான். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை.

என் மனைவி கவனித்துவிட்டாள். "ஏங்க, அவருக்கு என்ன இப்படி வேர்க்குது?" என்றாள்.

"மேசையில பேச்சு கூடாது" என்றேன்.

"இல்லங்க, முகமே ஒரு மாதிரியா..."

"பேசினா ஆட்டம் ரத்து."

கொழுந்தியாள் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நடிப்புக்கா. தோக்கப் போறாருல்ல, அதான். இப்ப பாரு, கக்கூசு வருதும்பாரு" என்றாள். அக்கா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். மெதுவாக ஒரு சீட்டைக் கழித்தாள் கொழுந்தியாள். அதுவும் மனசே இல்லாமல்.

என் முறை. ஒன்று எடுத்தேன், உதவாத ஐந்து. அதைக் கழித்துக்கொள்ளலாம். சகலையைப் பார்த்து, சட்டப்படி, "முடிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவன் தலை முன்னால் சாய்ந்து மேசையில் இடித்தது. தலை கீழே போனால் சம்மதம்தானே. வேண்டாம் என்றால் தலை பக்கவாட்டில் அல்லவா போக வேண்டும்? சம்மதம் கிடைத்தால் முடித்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எட்டு வரிசையில் என் இரண்டு ஜோக்கரையும் வைத்து ஏழாக்கினேன், ஐந்தைக் கழித்தேன், காலிக் கையை விரித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு எழுந்தேன். மேசையிலிருந்து முதலில் எழுந்தவன் நான்தான். கொழுந்தியாள் அதை இன்றும் எல்லோரிடமும் நன்றியோடு சொல்வாள்.

ஸ்கூல் காரில்தான் கொண்டுபோனேன். கூரைமேல் 'பழகுநர்' போர்டு. எல்லோரும் பயந்து வழிவிட்டார்கள். பின் இருக்கையில் அக்காவும் தங்கையும் அவனை மடியில் போட்டுக்கொண்டு அலறினார்கள். சிக்னலில் நின்றுதான் போனேன், ஒன்றைக்கூட மீறவில்லை. வாசலில் ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் அடங்கிவிட்டான். அங்கே பார்த்தவர் உங்களை மாதிரிப் பல்லோடு நிற்கிற டாக்டர் இல்லை, நெஞ்சு டாக்டர். "வலி வந்ததுமே தூக்கிட்டு வந்திருந்தா பொழைச்சிருப்பாரு" என்றார். அதை ஏன்தான் சொல்கிறார்களோ. கொழுந்தியாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "நடிக்கிறாருன்னு சொன்னேனே, என் வாயில மண்ணு விழ" என்று அழுதாள்.

நான்தான் அவளைத் தேற்றினேன். அடையாளத்தைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். "எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடும்மா. நெஞ்சுல கை வெச்சா ஜோக்கர்னு அர்த்தம். நானும் அப்படித்தான் நெனச்சுட்டேன். நீயாவது விளையாட்டுக்குச் சொன்னே, நான் நம்பியே விட்டேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல என்ன தப்பு அத்தான், சொன்னவ நான்தானே" என்றாள். இன்றைக்கும் தூக்கத்தில் அதையே சொல்கிறாளாம். என் மனைவி போய்ப் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்கு ஒரு காரணம் பிடித்துக்கொள்ளக் கிடைத்துவிட்டது. அதைப் போய்ப் பிடுங்குவானேன்?

உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், ஜோடிக்குள் ஒளிவு மறைவு இருந்தால் இந்த ஆட்டம் உருப்படாது. என்ன, விரல் விட்டு எண்ணுகிறீர்கள்? பரவாயில்லை, எண்ணுங்கள். ராணி வரிசையில் இரண்டு, மேசைமேல், மல்லாந்து, ஊருக்கே தெரிகிற மாதிரி. என் கையில் இரண்டு, சீட்டுப் போட்ட முதல் நிமிடத்திலிருந்து. மொத்தம் எத்தனை என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். அவன் நெஞ்சில் கை வைத்தபோது அவனிடம் ஜோக்கர் இருக்கவே முடியாது. ஆமாம், எனக்குத் தெரியும். நடிப்பு என்றும் நான் நினைக்கவில்லை. அவன் நடிப்பை அத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்தவன் நான். நடிக்கும்போது அவனுக்கு வேர்க்காது. எழுந்திருந்தால் ஆட்டம் ரத்தாகியிருக்கும், டாக்டர். அந்த ஐந்தாவது எட்டு இன்னொரு தடவை வருமா?

என் மனைவி நன்றாக எண்ணத் தெரிந்தவள். அன்றைக்கு எண்ணவில்லை போலிருக்கிறது. எண்ணியும் பேசாமல் இருக்கிறாளோ என்னவோ. மேசைப் பழக்கம்.

கீழே கேட் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார்கள். ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று நினைக்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது. ஒன்றே ஒன்று சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அன்று சாயங்காலம் சட்டை மாற்ற வீட்டுக்கு வந்தேன். யாரும் இல்லை. சகலை கையிலிருந்து சிதறிய சீட்டுகளைத் தரையிலிருந்து பொறுக்கி எண்ணிப் பார்த்தேன். அவ்வளவு நஷ்டத்தைக் கழித்தும் நாங்கள்தான் ஜெயித்திருந்தோம். தொட்டி நிறையப் பாத்திரம். சட்டப்படி அது அக்கா தங்கை வேலை. துக்க வீட்டில் அவர்களைப் போய் எப்படிச் சொல்வது? ஒற்றை ஆளாய் நின்று அத்தனையையும் நானே கழுவிக் கவிழ்த்தேன். நீங்களே சொல்லுங்கள் டாக்டர், மனசில் ஈரம் இல்லாதவனாக இருந்தால், ஜெயித்த பிறகும் பாத்திரம் கழுவியிருப்பேனா?