பெட்டி மூடியில் ஒரு பெயர்

இந்தக் கோப்பை நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். யாரோ ஒரு குயவன் போகிற போக்கில் செய்தது. அடியில் பெயர் இல்லை பாருங்கள், அதனால்தான் அழகாக இருக்கிறது. உங்களுக்கு இது புரியாது. பரவாயில்லை, இந்த மட்சுவே நகரில் யாருக்குமே புரியாது.

முப்பது வருடமாக இதைத்தான் தொண்டை கிழியச் சொல்லி வருகிறேன். பெயர் போடாத கைதான் நல்ல கை. என் ஓவியச் சுருளிலும் எழுத்துச் சுருளிலும் கையொப்பம் இருக்காது, முத்திரை இருக்காது. சுருளை வைக்கிற மரப்பெட்டியின் மூடியில் மட்டும் என் பெயரை எழுதுவேன். அது வழக்கம். படம் வேறு, பெட்டி வேறு. இதைக்கூட விளக்க வேண்டியிருக்கிறது.

ஷிசுனோ என் மாணவி. மீன் விற்கிற வீட்டுப் பெண். என் கை நடுங்கத் தொடங்கிய பிறகு தூரிகையை அவள் பிடித்தாள். பூசணிக்காய், தேநீர்க் கெண்டி, 'நீர்' என்று பொருள் தரும் அந்த ஒற்றைப் பெரிய எழுத்து, எல்லாம் அவள் தீட்டியவைதான். அதனால் என்ன? பாட்டு நன்றாக இருந்தால் புல்லாங்குழலுக்கா மாலை போடுவார்கள்?

இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, ஒசாகா கண்காட்சிக்குப் போற ஒரே ஒரு பெட்டியிலயாவது என் பேர எழுதிக்கிறேனே."

"பேருன்னு வந்துட்டா அழகு போயிடும். இத்தன வருஷமா என்னத்தக் கத்துக்கிட்ட?"

"உங்க பேர எழுதுறப்ப மட்டும் போகலையாக்கும்?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீங்க விடலேன்னா, அங்க எல்லார் முன்னாலயும் நானே தூரிகையப் பிடிச்சு எழுதிக் காட்டுறேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. சொல்லிக்கொடுத்தது ஒன்றும் மண்டையில் ஏறவில்லையே என்ற சலிப்புதான்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் பின்னறையில் தூங்கினாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கணப்புச் சட்டியில் கரியை நிறையப் போட்டேன். கதவைச் சாத்தி, வெளியிலிருந்து இடுக்குகளிலெல்லாம் காகிதம் ஒட்டினேன். கை நடுங்கவில்லை. அந்தி சாய்ந்ததும் காகிதத்தை உரித்தெடுத்தேன். கரிப்புகை, விபத்து என்று எழுதிக்கொண்டு நீங்களும் போய்விட்டீர்கள். உங்களிடம் அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அந்தக் கழுதை அன்று காலையிலேயே ஒரு பெட்டியைத் தன் பெயரோடு ஒசாகாவுக்கு அனுப்பியிருக்கிறாள். அங்கிருக்கும் மேதாவிகள் அந்தச் சுருளையும் என்னுடையவற்றையும் அருகருகே விரித்து, எல்லாம் ஒரே கை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். என் பெட்டிகளுக்கு மூடி மாற்றுகிறார்களாம். கண்காட்சியே இப்போது அவள் பெயரில். பத்திரிகையில் கொட்டை எழுத்தில் ஷிசுனோ. அதில் நான் வெறும் அவள் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரன்.

பெயருக்கு ஆசைப்பட்டு நான் இங்கே வரவில்லை. உண்மை உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். படங்களெல்லாம் அவளுடையவையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அவளைக் கொன்றது முழுக்க என் கைவேலை. என் பெயர் முராகாகி. அதைக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள்.