ஒரு முழம் குறைந்த மெத்தை

ஸ்டவ்வை அணைத்துவிடுங்கள், கேஸ் வீணாகிறது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நாம் எல்லோருமே காருக்குள் படுக்கை போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

விடிகாலை நாலு மணி. பிக்காஸ் ஏரிக்கு மேலே ஏறும் மலைச்சாலை. ஒரு லாரிகூட இல்லை. ஓரத்தில் ஒரு பழைய நீலக் கார்... உள்ளே என் தோழி யூலியாவின் அக்கா லவீனியாவும் அவள் கணவன் கோஸ்டெலும். கோஸ்டெல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். லவீனியா தூங்கவில்லை. புருஷனைத் தேடி எவள் வருகிறாள் என்று பார்க்கத்தான் அவள் வந்திருந்தாள்.

கோஸ்டெல் சரியான கஞ்சன். அந்த வசந்த காலத்தில் வீட்டுக் காரின் பின் இருக்கையைக் கழற்றினான். பழைய அலமாரிப் பலகையை அறுத்துக் கட்டில் செய்தான். குளியலறைத் திரையை வெட்டி ஜன்னலுக்கு மாட்டினான். எங்கிருந்தோ ஒரு மெத்தை கொண்டுவந்தான். ஒரு முழம் நீளம் அதிகம். ரொட்டிக் கத்தியால் கால்மாட்டுப் பக்கம் அறுத்தான். அறுத்த துண்டையும் எறியவில்லை, வீட்டுக் கட்டிலின் கால்மாட்டில் மெத்தை பள்ளம் விழுந்த இடத்தில் அடியில் செருகினான். ஒரு லேய் காசுகூடச் செலவில்லை என்று குடியிருப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

பதினைந்து நாள் கழித்து ஒரு காலை, குடை எடுக்கக் காரைத் திறந்தாள் லவீனியா. கண்ணாடி எல்லாம் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. மெத்தையில் ஓர் ஆள் படுத்தெழுந்த பள்ளம். கை வைத்தாள்... வெதுவெதுப்பு. முட்டிக்குத் தேய்க்கும் கற்பூரத் தைல வாடை வேறு.

"யாருய்யா அவ?" என்று கேட்டாள்.

"எவ?"

"கார்ல உன்கூடப் படுக்கிறவ. தைலம் தேய்க்கிற வயசுல ஒருத்தியப் புடிச்சிருக்கியே, வெக்கமா இல்ல?"

"உனக்குப் பைத்தியம். ராத்திரி பூரா உன் பக்கத்துலதானே கெடக்கேன்!"

அவள் நம்பவில்லை. இரவில் கார்க் கதவு இடுக்குகளில் தன் தலைமுடியை ஒட்டி வைத்தாள். காலையில் முடி அறுந்திருக்கவில்லை... மெத்தை மட்டும் சூடாக இருந்தது. கள்ளன், திரும்ப ஒட்டியிருக்கிறான் என்று நினைத்தாள். மறுநாள் இரண்டு சாவியையும் தன் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். அப்போதும் பள்ளம். மூன்றாவது சாவி செய்திருக்கிறான் என்று முடிவுகட்டினாள். எட்டு வருஷக் கல்யாணம். பெட்டியில் துணியை அடுக்கிவிட்டுத்தான் சொன்னாள்: "ஒரே ஒரு ராத்திரி என்னைய அதுல படுக்க வை. ஒண்ணுமில்லன்னா இருக்கேன். இல்லன்னா எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

அப்படித்தான் அந்த மலைச்சாலை. முன்பக்கம் தலை, பின்கதவுப் பக்கம் கால். ஏப்ரல் குளிர்... இருவரும் கம்பளிக் காலுறை போட்டிருந்தார்கள். படுக்கை நீளம் போதாமல் முழங்காலை மடக்கிக் கிடந்தார்கள்.

நாலு மணிக்கு ஒரு சத்தம். கிறீ...ச். ஈரக் கண்ணாடியில் எதையோ தேய்ப்பது போல.

லவீனியா தலையைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தாள். பின்கதவுக் கண்ணாடி முழுக்க ஆவி. அதில் இரண்டு உள்ளங்கால் தடம். உள்பக்கத்திலிருந்து. சின்னப் பாதம். பத்து விரலும் தெளிவாகத் தெரிந்தன. அவள் பார்க்கப் பார்க்க இடது குதிகால் மெல்லக் கீழே வழுக்கியது... கிறீ...ச். படுக்க இடம் போதாதவர் காலை உதைத்து நீட்டப் பார்ப்பது போல. தைல வாடை மூக்கில் ஏறியது.

கோஸ்டெலை உலுக்கி எழுப்பினாள். அவன் கண்ணாடியைப் பார்த்தான். அந்தச் சின்னப் பாதமும் தைல வாடையும் அவனுக்குத் தெரிந்தவை.

"சஃப்தா அத்தை..." என்றான்.

"எந்த அத்தை?"

"பிப்ரவரியில செத்துப்போச்சே, எங்கப்பாவோட அக்கா. இது அதோட மெத்தைடி. நாப்பதாம் நாள் தானத்துக்குன்னு கொட்டாய்ல எடுத்து வெச்சிருந்தாங்க. யாரோ ஏழைக்குத்தானே போகப்போவுது, நான் மட்டும் என்ன பணக்காரனான்னு... ராத்திரியோட தூக்கிட்டு வந்துட்டேன்."

நம் ஊரில் யாருக்குத்தான் இது தெரியாது? மெத்தையைக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் வாயைத் திறந்து 'போக்தப்ரோஸ்தே', செத்தவர் பேரில் வாங்கிக்கொண்டேன் என்று நன்றி சொல்ல வேண்டும். அப்போதுதான் செத்தவருக்கு அங்கே படுக்கை. சொல்லாமல் தூக்கிக்கொண்டு வந்தால் அத்தை எங்கே போய்ப் படுப்பாள்?

விடிந்ததும் நேரே ஊர்த் தேவாலயத்துக்குப் போனார்கள். வாசலில் ஒரு விதவை. மெழுகுவத்தி ஏற்றி, விரிப்போடு மெத்தையைக் கொடுத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டு, "போக்தப்ரோஸ்தே" என்றாள். அன்றிலிருந்து காரில் ஆவியும் இல்லை, வாடையும் இல்லை. லவீனியா பெட்டியைப் பிரித்தாள். வருஷக்கணக்காக இல்லாத பிரியத்தோடு புருஷனிடம் மன்னிப்புக் கேட்டாள். அவன் அதையே மூன்று மாதம் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தான்.

குளிர்காலம் வந்தது. ஒரு நாள், வீட்டுக் கட்டிலில், பாதித் தூக்கத்தில் அவள் முனகினாள்.

"காலை எடு, கோஸ்டெல். ஐஸ் மாதிரி இருக்கு."

"என் கால் இந்தப் பக்கம் இருக்கு. நீதான் எடுக்கணும்."

"பொய் சொல்லாத..."

சொன்னவள் மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்தாள். தைல வாடை. முன்னளவு இல்லை, லேசாக. கட்டிலின் கால்மாட்டிலிருந்து மட்டும்.

அப்போதுதான் அந்த ஒரு முழத் துண்டின் நினைவு வந்தது அவளுக்கு. மெத்தை போய்ச் சேர்ந்துவிட்டது. கால் வைக்கும் இடம் மட்டும் இன்னும் இங்கே, அவர்கள் மெத்தைக்கடியில்...

அவள் அசையாமல் கிடந்தாள். இருவரும் கம்பளிக் காலுறை போட்டிருந்தார்கள். போர்வைக்குள் அவள் காலோடு சேர்ந்து, சூடு தேடி மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தது வெறுங்கால்.