புதுச்சத்திரம் ஸ்டாப்பு

ஜன்னலச் சாத்தாதீங்க சார், புண்ணியமாப் போவும். மூஞ்சில காத்து படலன்னா எனக்கு மூச்சு முட்டுது. ஆங், எங்க விட்டேன்? பாய்மரத் தோணி. தூத்துக்குடியில வெங்காயம் ஏத்திக்கிட்டுக் கெளம்புனோம், ஆறு பேரு. நான்தான் சமையக்காரன். மூணாம் நாளே இன்ஜின் படுத்துக்கிச்சு. அப்பறம் பாயும் காத்தும் விட்ட வழிதான்.

குளிக்கவா? நல்லாக் கேட்டீங்க போங்க! கடத்தண்ணியில குளிச்சுட்டு, மேலுக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணி, அவ்வளவுதான். சமைக்கறப்போ ஒரு கை சட்டியப் புடிக்கணும், ஒரு கை கயித்தப் புடிக்கணும். அடியில ஊறுற தண்ணிய ரெண்டு வேளையும் பம்பு அடிச்சு எறைக்கணும். விட்டா முழுவிடும்.

எப்படியோ ஒரு தீவுல போயி நங்கூரம் போட்டோம். மொதலாளி கைய விரிச்சுட்டான். ஒவ்வொருத்தனா நழுவிட்டானுங்க, கடைசி ஆளு நான். அந்தத் துறைமுகத்துல ஆளில்லாம தோணி நிக்கக் கூடாது சார். நான் எறங்கணும்னா இன்னொருத்தன் கையெழுத்துப் போட்டு ஏறணும். எட்டு மாசம், ஒண்டியா! கரையில ஆளுங்க சிரிக்கறது கூடக் கேக்கும், போவ முடியாது. பழக்க தோஷத்துல ஆறு பேருக்கு ஒல வச்சுட்டு முழிப்பேன்.

வந்த கதையா? லியோன்னு என் மச்சான், தங்கச்சி வீட்டுக்காரரு. டீசல் மெக்கானிக்கு. அரிசி கொண்டார படகுக்காரன் ஃபோனுல கூப்பிட்டேன். வந்து இன்ஜின ஓட்டிக் குடுங்க மச்சான், ரெண்டு பேரும் ஊருக்குப் போயிரலாம்னேன். வந்துட்டாரு பாவம், தங்கச்சி சுட்ட முறுக்கோட. அந்த இன்ஜின் ஓடாது சார். எனக்குத் தெரியும். மெக்கானிக்கு வந்ததுக்குக் கையெழுத்துன்னு காயிதத்த நீட்டுனேன், படிக்காமப் போட்டாரு. ஸ்பேரு வாங்கியாறேன்னு படகுல எறங்குனவன்தான் நான். தப்புதான், பாவிதான். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தா பைத்தியம் புடிச்சிருக்கும் சார்.

எந்த ஸ்டாப்பா? புதுச்சத்திரம். ஆமாங்க, போயிடுச்சு, தெரியும். காலையிலேர்ந்து சிதம்பரத்துக்கும் கடலூருக்குமா இது மூணாவது நடை. கண்டக்டரு மொறைக்கிறாரு பாருங்க. அங்க ஒரு பொண்ணு வெயிலுக்குக் கொடையப் புடிச்சுக்கிட்டு, இன்னும் ரெண்டு கொடையக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நின்னுச்சே, பாத்தீங்களா? அதான் எந் தங்கச்சி சிந்தியா. ரெண்டு பேரும் வரோம்னு சொல்லிட்டேன்.