வலி இல்லாத நாளில்

திருத்தணியில் சென்னை ரயில் ஏறினேன். எதிர் சீட்டில் ஒரு விவசாயியும் அவர் மனைவியும், மடியில் ஆஸ்பத்திரி ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒட்டுக்கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. அவர்தான் உரக்கக் கேட்டார்.

"வலி இல்லாதப்போ எவனாவது வயித்த அறுத்துக்குவானா?"

"வலி இல்லாதப்போதான் அறுக்கணும்னு டாக்டரு சொன்னாரில்ல, பாவா. பெருங்குடல்ல சின்னச் சின்னப் பையாட்டம் பிதுங்கினு கீது. அது புண்ணாயி மூணு தபா ஜுரத்துல படுத்துட்ட."

"மூணு தபாவும் மாத்திரையிலயே அடங்கிச்சே."

"அடுத்த தபா வெடிச்சிச்சின்னா? அவசரத்துல அறுத்தா மலம் போவ வயித்துக்கு வெளிய பை மாட்டினாலும் மாட்டுவாங்களாம். இப்பவே பண்ணா, கெட்டத எடுத்துட்டுக் குடல சேத்துத் தெச்சிடலாம்னாரு. இன்னிக்கு முடிவு சொல்லணும்."

"கரும்பு வெட்ட ஆலையில உத்தரவு வரப்போவுது. ரெண்டு மாசமா நல்லாத்தானே கீறேன்?"

மணவூர் தாண்டியதும் அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"போன கிருத்திகைக்கு விரதம்னு சோறு வேணான்னியே. கிருத்திகை ஒரு நாளுதான். நீ மூணு நாளு சாப்புடல."

"முருகனுக்கு வேண்டிக்கினேன்."

"வேண்டிக்கினவன் எதுக்குக் கொல்லையில வயித்தப் புடிச்சிக்கினு குந்தினு இருந்த? என்னை ஏமாத்து, பரவால்ல. டாக்டரையும் ஏமாத்தப் போறியா?"

 அவர் கை இடப்பக்க அடிவயிற்றுக்குப் போய் அங்கேயே நின்றது.

"இப்பவும் லேசா வலிக்குதுடி" என்றார்.