யாரைக் கேட்டு வருது இந்தப் பாலு

காய்ச்சலெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, நெத்தியிலேர்ந்து கைய எடு. வெயில்ல நடந்து வந்தேன், அதான் சுடுது. நீ மொதல்ல அந்தப் பெரியவருக்கு இருமல் மருந்தக் குடுத்து அனுப்பு, நான் நிக்கிறேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. மார்க்கெட்ல என் கடைய பக்கத்துக் கடைக்காரி பாத்துக்குறா. பழைய துணிதானே, யாரு தூக்கிட்டுப் போகப் போறா.

போயிட்டாரா? சரி. எப்படி ஆரம்பிக்கறது... உனக்குத்தான் தெரியுமே, போன மாசம் வரைக்கும் வயித்தத் தள்ளிக்கிட்டு உன் மருந்துக்கடை வாசல்லதானே போவேன் வருவேன். ஆமாக்கா. எட்டாவது மாசம். ஆஸ்பத்திரியிலதான் பொறந்துச்சு, அழல. பொண்ணு. அட, நீ எதுக்கு மூஞ்சிய அப்படி வச்சுக்குற? வச்சுக்காத. எங்க பெரியம்மா பாத்தா உன்னையும் சேத்துத் திட்டுவா.

பெரியம்மான்னா எங்கம்மாவோட அக்கா, அஃப்ராகோமா. சேதி கேட்டதும் ஊர்லேர்ந்து இங்க குமாசிக்கு மொத பஸ்ஸப் புடிச்சு வந்துட்டா. வந்தவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. எட்டு நாள் இருந்து பேர் வாங்கிக்காத பிள்ள பிள்ளையே இல்லயாம். சும்மா எட்டிப் பாத்துட்டுப் போக வந்த விருந்தாளியாம். நாம அழுதோம்னு வையி, இவ ஏமாந்தவன்னு தெரிஞ்சுக்கிட்டு மறுபடி மறுபடி வந்து ஆட்டம் காட்டிட்டுப் போகுமாம். அதனால என்ன பண்ணணும்? வெள்ளத் துணி உடுத்தணும். கழுத்துல பவுடர் பூசணும். புருஷனும் பொண்டாட்டியும் எல்லாரும் பாக்க முத்தத்துல உக்காந்து வேர்க்கடலைக் குழம்பு சாப்பிடணும். அதப் பாத்து வெக்கப்பட்டு அது வராமலே இருந்துடணும். இந்தக் காலத்துல யாருதான்க்கா இதெல்லாம் பண்றா? எங்க பெரியம்மா பண்ண வச்சா.

சாப்பிட்டோம். எங்க வீட்டுக்காரரு பாஃபூர், வேன் ஓட்டுறாருல்ல, அவரு மரவள்ளிய இடிச்ச ஃபுஃபு உருண்டையக் குழம்புல முக்கி முழுங்கிட்டு, கோழி நல்லா வெந்திருக்குன்னாரு. அந்தச் சட்டிய அப்படியே அவரு தலையில கவுத்திருப்பேன். அப்புறம்தான் பாத்தேன், மனுஷன் தட்டுல கோழி தொடாமக் கெடக்கு. சிரிங்கடான்னா பெரியம்மா. சிரிச்சோம். காம்பவுண்டே பாத்துச்சு.

இதுல கூத்து என்னன்னா, அந்தக் குழம்ப எதுக்குக் குடுப்பாங்க? பெத்தவளுக்குப் பால் ஊறட்டும்னுதானே! சிரிப்பு வருதுல்ல? சிரிச்சுக்கோ. பிள்ளைய வெரட்டச் சாப்பிட்ட குழம்பு பாலக் கூட்டிக்கிட்டு வந்துடுச்சு. காலையில எந்திரிக்கிறேன், மாரு ரெண்டும் கல்லு. பாயெல்லாம் ஈரம். பெரியம்மா மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே! குழம்பு வச்சதே அவதானே, யாரத் திட்டுவா.

அவ பழைய துணியக் கிழிச்சு மூச்சு முட்ட இறுக்கிக் கட்டிவிட்டா. நர்ஸம்மா பால் வத்த முட்டைக்கோஸ் இலைய வையின்னாங்க. அதையும் வச்சேன். பாலு கேக்குமா? பக்கத்து வீட்ல உலக்க போடுற சத்தம் கேட்டா வருது. ஆட்டுக்குட்டி கத்தினா வருது. யாரைக் கேட்டு வருதுன்னு நானே அதத் திட்டிருக்கேன். ஒரு சத்தமும் இல்லாதப்பவும் வரும்க்கா. எனக்குக் கேக்காதது என்னமோ அதுக்குக் கேக்குது. சட்டுனு திரும்பிப் பாப்பேன். ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.

கடையில ஒரு சௌகரியம், ஜாக்கெட் நனைஞ்சா மூட்டையிலேர்ந்து வேற ஒண்ண உருவி மாட்டிக்கலாம். ஒருநாள் மாத்த மறந்துட்டேன். கவுனுக்குப் பேரம் பேசிட்டிருந்த ஒருத்தி என் நெஞ்சையே பாக்குறா. பச்சப்புள்ளய வீட்ல விட்டுட்டா வந்தன்னு கேட்டா. ஆமா, பெரியம்மாகிட்ட தூங்குதுன்னுட்டேன். வாய் தானா சொல்லிடுச்சு. என்ன பிள்ளன்னா. பொண்ணுன்னேன். என்ன கிழமைன்னு கேட்டா. நம்ம ஊர்ல அதக் கேக்காம விட்டுடுவாங்களா? வெள்ளிக்கிழமைன்னேன். உடனே அவ, அப்படின்னா அஃபியாவுக்குப் பசிக்கும்டி, சீக்கிரம் கடையச் சாத்திட்டுப் போ, அஃபியாவ நான் கேட்டேன்னு சொல்லுன்னுட்டு, கவுன மடிச்சு வாங்கிக்கிட்டுப் போயிட்டா.

வெள்ளிக்கிழமை பொறந்தவ அஃபியா. யாரும் வைக்க வேணாம், அந்தக் கிழமையே பேர வச்சிடும். எனக்குத் தெரியாதா? பெரியம்மாவுக்குத் தெரியாதா? பாஃபூருக்குத் தெரியாதா? வீட்ல இத்தன பேரு இருந்து ஒருத்தரும் வாயத் தொறக்கல. முன்னப்பின்ன தெரியாதவ ஒருத்தி வந்து என் மகளப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டுப் போறா. துணி மூட்டைக்குப் பின்னாடி உக்காந்து அழுதேன்க்கா. வாயில ஒரு சட்டைய அடச்சுக்கிட்டு அழுதேன். அழக்கூடாதுன்னு சொன்னது தெரியும். தெரிஞ்சேதான் அழுதேன்.

என்னது அது? மாத்திரையா? ரெண்டு நாள்ல வத்திடுமா? ஐயோ, அத உள்ள வையிக்கா. நிறுத்தணும்னு நான் எப்பச் சொன்னேன்? நீயா நெனச்சுக்கிட்டா எப்படி! பெரியம்மா கட்டிவிடற துணியக் குளிக்கிற எடத்துல தினமும் அவுத்துடறதே நான்தான். கொஞ்சம் பீய்ச்சிவிட்டா நிக்காம ஊறும்ல, அதுக்குத்தான். ஆனா நேத்து வலது பக்கம் நின்னுடுச்சு. இன்னிக்கு இந்தப் பக்கமும் ஏதோ பேருக்கு வருது. எனக்குப் பயமா இருக்கு. அழுதா திரும்பி வரும்னுதானே சொல்றாங்க? நான்தான் அழுதுட்டேனே, வருவா. வர்றவ பசியோட வருவாளா இல்லயா, நீயே சொல்லு. பால் ஊற மாத்திரை ஏதாச்சும் இருந்தா அதக் குடுக்கா.